சாவி அக்கா வீட்டில் யாரும் குடியில்லை

எங்கள் ஊரில் வீட்டுக்குப் பஞ்சமே கிடையாது. குடியிருக்க வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. இது என்ன கூத்து என்று கேட்பவர்கள், சீசன் இல்லாத மாதத்தில் ஒருநாள் கடற்கரைத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மாடி மாடியாக வீடுகள், எல்லாவற்றுக்கும் தோட்டம், பாதிக்கு மேல் நீச்சல் குளம், உள்ளே ஈ காக்கா கிடையாது. நகராட்சி அலுவலகச் சுவரில் ஊரின் மக்கள்தொகை, வீடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் வண்ணப் படமாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். சீசனுக்குக் கொஞ்சம் முன்னால், வேறு வேலை இல்லாத ஒருநாள் அதைப் பார்த்து வகுத்தல் போட்டேன். வருஷம் முழுக்க ஊரில் இருக்கிறவர்களுக்குத் தலைக்குப் பதினேழு படுக்கையறை வருகிறது. அன்றைக்கு என் படுக்கை, நான் வேலை செய்யும் ஹோட்டல் சலவைக்கூடத்தின் பின்னால் இருந்த சரக்கு அறையில், சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவில். என் பங்குப் பதினேழு அறைகளும் பூட்டிக் கிடந்தன.

சீசன் வந்துவிட்டால் கதை தலைகீழ். எள் போட இடம் இருக்காது. வருகிறவர்களுக்குச் சமைக்க, துடைக்க, துவைக்க, அவர்கள் நாய்களைக் குளிப்பாட்ட எங்களைப் போன்றவர்கள் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு ஓனர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "சீசன் வருதும்மா. ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க, முடிஞ்சதும் வாங்க." அந்த அறையில் வெளியூர்க்காரர் யாராவது ஒரு வாரம் தங்கிவிட்டு, நாங்கள் ஒரு வருஷத்துக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போவார். ஊருக்கு நாங்கள் அதிகமாகத் தேவைப்படும் மாதங்களில்தான் ஊரில் எங்களுக்கு இடம் இருக்காது.

இதில் சிக்கிச் சீரழிந்தவர்கள் என் அண்ணனும் அண்ணியும். அண்ணியை ஊரே சாவி அக்கா என்று கூப்பிடும். இடுப்பில் தொங்கும் கொத்தில் கடற்கரைத் தெருவின் ஒரு பக்கம் முழுக்க அடங்கும். ஆளில்லாத வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜன்னலைத் திறந்து காற்று விடுவாள், குழாயைத் திறந்து தண்ணீர் விடுவாள், கிளம்பும்போது எல்லாவற்றையும் அடைப்பாள். சோபாவுக்கு வெள்ளைத் துணி போர்த்துவாள். ஃபிரிட்ஜை அணைத்து, உள்ளே வாடை பிடிக்காமல் இருக்க ஒரு மரக்கரண்டியைச் செருகிக் கதவைத் திறந்தே வைப்பாள். முதலாளி வருகிறார் என்று போன் வந்தால் துணியை எடுத்துவிட்டு, கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைப்பாள். கழுத்து வளைந்து, சாட்சாத் அன்னமாகவே உட்கார்ந்திருக்கும்.

அண்ணன் அதே வீடுகளின் நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்கிறவன். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகிறது. ஒவ்வொரு சீசனுக்கும் அவன் குளத்து மோட்டார் அறையில் படுப்பான், அவள் என்னோடும் இன்னும் ஐந்து பெண்களோடும் சரக்கு அறையில் படுப்பாள். சீசன் முடிந்து ஒன்றாக இருந்த அறையிலும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் கீழே இருந்து ஓனர் குச்சியால் இடிப்பார். ஆகவே இருவரும் குசுகுசுவென்று பேசியே குடும்பம் நடத்தினார்கள். இப்படி ஒரு ஒற்றுமையான தம்பதியைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

கடைசியில் நகராட்சிக்கே புத்தி வந்து, வருஷம் முழுக்க ஊரில் இருக்கிறவர்களுக்கென்று சின்னச் சின்ன வீடுகளாக ஒரு குடியிருப்பு கட்டியது. குலுக்கலில் எனக்கு ஒன்று, பக்கத்திலேயே அவர்களுக்கு ஒன்று. ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. எங்களுக்கு முன்னால் வீடு கிடைத்த முடிதிருத்துகிற ஆள் ஒருவர் அதைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தன் கடை நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கி மாட்டிக்கொண்டார். அதனால் புது விதி வந்தது. பூட்டி வைத்தாலும் வீடு போச்சு, வாடகைக்கு விட்டாலும் வீடு போச்சு. அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்.

அண்ணி தன் கொத்தில் முதல்முறையாகத் தன் சொந்தக் கதவின் சாவியைக் கோத்தாள். கோத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அழுகிற ஜாதி இல்லை. இருந்தாலும் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

அதிகாரி வந்தது ஒரு பகல் நேரத்தில். குண்டான, களைத்துப்போன ஒரு அம்மாள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்கு இரவு ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். அந்த அம்மாள் நகராட்சிச் சாவியால் பக்கத்துக் கதவைத் திறந்தார், நானும் பின்னாலேயே நுழைந்தேன். 

ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. சோபா மேல் வெள்ளைத் துணி. பாய் சுருட்டி, கயிறு கட்டி மூலையில் நின்றது. தண்ணீர்க் குழாயின் வால்வு அடைத்திருந்தது. ஃபிரிட்ஜ் அணைந்திருக்க, அதன் கதவிடுக்கில் மரக்கரண்டி. புண்ணியவதி, ஊரார் வீட்டைப் பூட்டுகிற மாதிரியே தன் வீட்டையும் தினமும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"இங்க யாரும் குடியில்ல" என்றார் அதிகாரி.

"ஐயோ மேடம், எங்க அண்ணனும் அண்ணியும் இருக்காங்க. நேத்து ராத்திரிகூட இங்கதான் இருந்தாங்க."

"பக்கத்து வீடுதானே நீங்க? இந்தச் சுவர் எவ்வளவு மெல்லிசு. ஒருநாளாவது பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம் ஏதாவது கேட்டிருக்கீங்களா?"

நான் பொய் சொல்லத் தயங்குகிறவள் இல்லை. ஆனால் அந்த நொடியில் யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே ஒரு சத்தமும் கேட்டதில்லை. வாயடைத்து நின்றதில் அந்த அம்மாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "அடுத்த வாரம் இன்னொரு தடவை வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டைத் திரும்ப எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் அண்ணி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா? யார் வீடுன்னு நெனச்சு துணி போர்த்துறீங்க?"

"வெயில் பட்டா சோபா வெளுத்துடும்டி."

"வெளுக்கட்டும். உக்காந்தா கிழியட்டும். அது உங்க சோபா. நீங்க அதுல உக்காந்திருக்கீங்களா, சொல்லுங்க?"

அப்போதும் அவள் சமையலறை ஓரத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. அவரு தாங்க மாட்டாரு. திரும்ப அந்த மோட்டார் ரூமா? என்னால முடியாதுடி. எனக்கும் வயசாகுது, அவரு பக்கத்துல இருக்கணும்" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் தனக்கு இது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆள் இருக்கிற வீடு மாதிரி கொஞ்சம் கலைச்சுப் போடுங்க, போதும்" என்றேன். அத்தோடு என் வாயை மூடிக்கொண்டு என்ன கலைக்க வேண்டும் என்று கூடவே நின்று காட்டியிருக்கலாம். செய்யவில்லை.

அண்ணிக்கு எதையும் திருத்தமாகச் செய்ய வேண்டும். அண்ணன் விடியற்காலையிலேயே குளம் சுத்தம் செய்யக் கிளம்பிவிடுவான். அவன் போனதும் அவள் வீட்டைக் கலைக்கத் தொடங்குவாள், சாயந்திரம் அவன் வருவதற்குள் திரும்பத் துடைத்து அடுக்கிவிடுவாள். ஆக, அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் பகலெல்லாம் தூங்குகிறவள், எட்டிப் பார்க்கவில்லை.

சீசன் தொடங்கிய வாரம் அது. நல்ல தூக்கத்தில் இருந்தபோது அந்த அம்மாள் கதவைத் தட்டினார். "பக்கத்து வீட்டுக்கு வாங்க" என்றார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன்.

வாசலிலிருந்து சோபா வரைக்கும் கடற்கரை மணல். குளியலறை வாசலில் ஈரத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. ஒரு ரப்பர் செருப்பு குப்புற, அதன் ஜோடி ஜன்னல் விளிம்பில். மேஜையில் பாதி குடித்த ஜூஸ் டம்ளர்கள், அவற்றில் சாய்ந்து நிற்கும் ஸ்ட்ரா. வெயிலுக்குப் பூசும் கிரீம் குழாய் மூடியில்லாமல் சோபா மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. நட்டநடுப் பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. ஜன்னல் அகலத் திறந்திருக்க ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. பாவம், ஆள் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்ததெல்லாம் முதலாளிகள் தங்கிவிட்டுப் போன வீடுகளைத்தான். ஒன்று விடாமல் அப்படியே செய்து வைத்திருந்தாள்.

"சீசனுக்கு விட்டுட்டாங்க" என்றார் அதிகாரி. "போன தடவை பூட்டி வெச்சிருந்தாங்க, இந்தத் தடவை வாடகைக்கு விட்டிருக்காங்க. என் இத்தனை வருஷ வேலையில ரெண்டு தப்பையும் சேர்த்துப் பண்ணவங்களை இப்பதான் பாக்குறேன்."

நான் அண்ணிக்குப் போன் போட்டேன். ஓடி வந்தாள். அப்போதாவது ஒழுங்காக முன்வாசல் வழியாக வந்தாளா? முதலாளி வீடுகளுக்குப் போகிற மாதிரியே பின்பக்கம் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டி, "உள்ள வரலாங்களா?" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "உங்க வீட்டுக்கு நீங்களே ஏம்மா தட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். "பழக்கமுங்க" என்றாள் அண்ணி. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தான். குளத்தில் விருந்தாளிகள் இறங்கிவிட்டதால் பாதியிலேயே அனுப்பிவிட்டார்களாம். கையில் வலை, காலில் சொட்டச் சொட்ட ஈரம். வாசலில் நின்று மணலைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொன்னானே ஒரு வார்த்தை.

"யாருக்குடி விட்ட வீட்ட?"

முடிந்தது கதை என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணியின் முகம் சிவந்தது. பதினாறு வருஷத்தில் அந்த நிறத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.

"யாருக்கு விட்டேனா? என்னைப் பார்த்தா கேக்குறீங்க? எல்லாம் உங்களாலதான். நான் ராத்திரி ஃபிரிட்ஜைப் போட்டா, விடியக்காலையில நீங்க அணைச்சுட்டுப் போறீங்க. எத்தனை பால் திரிஞ்சு போச்சு தெரியுமா?"

"நீ மட்டும் என்ன? கரண்டி செருகுறது யாரு? குழம்புக்குக் கிண்டக் கரண்டி இல்ல, ஃபிரிட்ஜுக்கு இருக்கு."

"குளிக்கிற வாளியில குளோரின் சரியா இருக்கான்னு சோதனை பண்றவரு பேசக் கூடாது."

"பேசுவேன். குளிச்சுட்டுத் துண்டை எடுத்தா அது அன்னமா உக்காந்திருக்கு. பிரிக்க மனசு வராம எத்தனை நாள் ஈரத்தோட நின்னிருக்கேன் தெரியுமா உனக்கு?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"எங்கடி சொல்றது? மோட்டார் ரூம்ல இருந்து கத்திச் சொல்லவா? பதினாறு வருஷமா உன்கிட்ட வாய்விட்டு ஒரு சண்டை போட எனக்கு ஒரு கதவு இருந்துச்சா?"

அவன் குரல் கடைசியில் உடைந்துவிட்டது.  கீழே யாரும் குச்சியால் இடிக்கவில்லை. குடியிருப்பில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன, அது வேறு விஷயம்.

அதிகாரி அம்மாள் சோபாவில், மணல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"சீசனுக்கு வர்றவங்களும் சண்டை போடுவாங்க" என்றார். "எங்க சாப்பிடறது, யாரு கார் ஓட்டறதுன்னு போடுவாங்க. ஃபிரிட்ஜை யாரு அணைச்சதுன்னு போட மாட்டாங்க. இது குடியிருக்கிறவங்க சண்டை." எழுந்து புடவையிலிருந்து மணலைத் தட்டினார். "அந்தத் துண்டு விஷயத்தை மட்டும் பேசித் தீர்த்துக்கோங்க." வாசல் வரை போனவர் திரும்பி, "இந்தச் சோபாவுக்கு இனிமே துணி போர்த்தாதீங்கம்மா" என்றார். 

அவர் போனதும் மூன்று பேரும் மணலைக் கூட்டினோம். டீ போட்டேன். அண்ணி தரையில் உட்காரப் போனாள், நான் முறைத்ததும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு, மிச்ச வேலையைப் பார்க்கச் சாவிக் கொத்தோடு கிளம்பினாள். கழுவாத டம்ளரை விட்டு அவள் நகர்ந்ததை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

சாயந்திரம் அவள் திரும்பி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இந்தத் தடவை முன்வாசல் வழியாக வந்தாள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது, அடியில் டீ காய்ந்து, விளிம்பில் ஓர் எறும்போடு. அண்ணன் பழக்க தோஷத்தில் அதை எடுத்துக் கழுவப் போனான்.

"வைங்க" என்றாள் அண்ணி. "அது என்னோடது. அங்கேயே இருக்கட்டும்."