வளைவில் ஒரு ஹாரன்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. தேன்மொழி அக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு.

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர்களாக, கல்வராயன் மலைக்கு ஒரே ஜீப்பில் போய்வந்தவர்கள் நாங்கள். அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அந்த ஜீப் தெரியும். பொன்னியைத் தெரியாது.

பொன்னியின் அப்பா சாராயம் காய்ச்சியவர். போலீஸ் ரெய்டு ஜீப் வந்தால் வீடே காட்டுக்குள் ஓடும். முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அவளே ஓடினாள். கரியாலூர் பள்ளி விடுதிக்கு வந்த பிறகும் ஓடினாள். அரிசி லாரி, பால் வண்டி, எங்கள் ஜீப், எதன் சத்தம் கேட்டாலும். ஒருநாள் பொழுது சாயும்வரை தேடினோம்.

விடுதிக் காப்பாளர் அவளை வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தார். அனுப்பினால் படிப்பு இல்லை. மறுபடி அதே ஜீப், அதே காடு.

"பள்ளத்துல வுழுந்துட்டா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார் காப்பாளர்.

"அவ அடங்காத பொண்ணு இல்லைங்க," என்றார் அக்கா. "அவ உடம்பு இன்னும் அந்த வூட்லயே இருக்குது."

"அப்ப அந்த உடம்பையும் இட்டுக்கினு வந்து சேருங்க."

அக்கா சிரித்தார். "அதுக்குத்தாங்க டைம் கேக்கறேன்."

காப்பாளர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஓடாதே என்று பொன்னியிடம் அக்கா ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "ஓடட்டும். எங்க ஓடணும்னு மட்டும் சொல்லிக் குடுப்போம்," என்றார். சமையலறைக்கு ஓடச் சொன்னார். ஓடி வந்தால் சமையல்காரம்மா ஒன்றும் கேட்காமல் வெங்காயம் உரிக்கக் கொடுப்பார்.

சத்தம் திடுமென்று வரக் கூடாது என்பதற்காக, விடுதிக்குக் கீழே உள்ள வளைவில் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்க வேண்டும் என்றார். ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா விடவில்லை. மாதங்கள் போயின. ஹாரன் கேட்டால் பொன்னி நடந்தே சமையலறைக்குப் போனாள். குணமாகிவிட்டாள் என்று அக்கா ஒருபோதும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து, சேதி சொல்ல மேலே போனேன். ஓட்டுநர் முருகேசன் அழுதுகொண்டே ஓட்டினார். வளைவில் ஹாரன் அடிக்க மறந்துவிட்டார்.

பொன்னி ஓடினாள். காட்டுக்கு அல்ல. சமையலறையில், அடுப்போரம், மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"ஆரன் அடிக்கல. இன்னாக்கா ஆச்சு?"

சொன்னேன்.

"இனிமே வண்டி வருமா?"

"வரும்."

"ஆரன்?"

வாசலில் நின்ற முருகேசன் ஜீப்பைத் திருப்பினார். வளைவுவரை இறங்கினார். ஹாரன் அடித்தார். மறுபடி ஏறி வந்தார்.

பொன்னி நின்ற இடத்திலேயே நின்றாள். கை மட்டும் வெங்காயக் கூடையைத் தேடியது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த வளைவு. வாரந்தோறும் போகிறேன். அங்கே ஹாரன் அடிக்காமல் எந்த வண்டியும் மேலே வராது.