பலகை அகற்றப்பட்டது

அந்தப் பள்ளியில் ஆங்கில இலக்கணம் என்றால் டீச்சர்தான். இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குப் பாஸிவ் வாய்ஸ் நடத்தி வருகிறவர். தமிழில் அதற்குச் செயப்பாட்டுவினை என்று பெயர். எதிர்ப்பக்கம் இருப்பது செய்வினை. அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "யாருக்கு டீச்சர் வெச்சாங்க?" என்று கேட்கும். வருடாவருடம் அதே கேள்வி, அதே சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்க மாட்டார். "உனக்குத்தான். எழுந்து நில்லு" என்பார்.

ஆனால் பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு மாணவியைக் கூப்பிட்டு மேசை மேல் இருக்கும் சாக்பீஸை உடைக்கச் சொல்வார். உடைத்ததும் அவளை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுவார். "இப்ப புதுசா ஒருத்தர் உள்ள வந்தா அவருக்கு என்ன தெரியும்? சாக்பீஸ் உடைக்கப்பட்டிருக்கு. அவ்வளவுதான். யாருன்னு சொல்லலை, ஆனா வாக்கியம் நிக்குது பாருங்க." அப்படி ஆளே இல்லாமல் நிற்கிற வாக்கியத்தின் மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, எங்கேயும் ஒரு சுருக்கம் இருக்காது என்பார்.

பிழை கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. வங்கி அறிவிப்பு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் விட்டதில்லை. ஒருமுறை கண் டாக்டரிடம் போனவர், எதிர்ச்சுவரில் தொங்கிய அறிவிப்பில் எழுத்துப்பிழை இருப்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். "உங்களுக்குக் கண்ணாடி எதுக்கும்மா?" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் சந்தித்ததே ஒரு லிஃப்ட் நின்றுபோனதால்தான். டீச்சர் அப்போது ஐந்தாவது மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் வேலை பார்த்தார். நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் யாரைப் பிடித்து என்னவெல்லாம் ஆங்கிலத்தில் கேட்கவேண்டும் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கதவு திறந்தது. கையெல்லாம் கிரீஸோடு ஒருவர் நின்றார். "நேத்து இந்தக் கதவு சுவிட்சை மாட்டினது நான் மேடம். சரியா மாட்டலை. என் தப்பு" என்றார். அடுக்கி வைத்த ஆங்கிலம் அத்தனையும் வீணாயிற்று. தப்பு செய்தவர் கூப்பிடாமலே முன்னால் வந்து நிற்பதை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. ஆறாவது மாதம் கல்யாணம்.

மெக்கானிக்கின் வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்த பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அவர் எழுதுவது இப்படி இருக்கும்: நான் திறந்தேன். நான் பார்த்தேன். நான் துடைத்தேன். எனக்கு இந்தக் கயிறு பிடிக்கவில்லை. ஒரு தடவை, நான் ஸ்பானரை மறந்துவிட்டேன், திரும்பிப் போய் எடுத்துவந்தேன் என்றுகூட எழுதியிருந்தார். மடியில் கனமில்லாத மனிதர் வேறு எப்படி எழுதுவார்?

இரண்டு வருடத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ரிப்போர்ட் ஒழுங்கான ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். 'நான்' என்று எழுதக்கூடாது. சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது ரிப்போர்ட்டையும் பார்ப்போம். டீச்சருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று. அன்றிலிருந்து ராச்சாப்பாடு முடிந்ததும் மெக்கானிக் ஒரு துண்டுத் தாளில் தன் பாணியில் கிறுக்குவார். டீச்சர் அதைச் செயப்பாட்டுவினையில் அழகாகப் பிரதி எடுப்பார். மெக்கானிக் படித்துக் கையெழுத்துப் போடுவார். துண்டுத் தாளை டீச்சர் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மேசையைத் துடைத்துவிடுவார். "நான் எழுதித் தர்றது வெளிய தெரிய வேண்டாம். அப்புறம் சூப்பர்வைசர் வேலை கிடைக்காது" என்று ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார்.

அப்படித்தான் ஒருநாள் நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் ரிப்போர்ட் வந்தது. மெக்கானிக் கிறுக்கியிருந்தார்: நான் பிரேக்கைப் பார்த்தேன். லைனிங் தேய்ந்து போச்சு. நான் லிஃப்டை நிறுத்தி, வேலை செய்யவில்லை என்று பலகை மாட்டினேன். மேனேஜர் பலகையைக் கழற்றிவிட்டார். யாராவது விழுவார்கள் என்று சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

டீச்சரின் பிரதி இது: பிரேக் லைனிங் தேய்ந்திருப்பது கண்டறியப்பட்டது. லிஃப்ட் நிறுத்தப்பட்டது. பலகை அகற்றப்பட்டது. லைனிங்கை மாற்றும்படி அறிவுறுத்தப்பட்டது. நான்கே வாக்கியம், பிழை என்று ஒரு புள்ளி கிடையாது.

மெக்கானிக் படித்துவிட்டு, "மேனேஜர் எங்க?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட்ல ஆளுங்க வரக் கூடாதுங்க. வேலைதான் வரணும்."

மெக்கானிக் கழுத்தைச் சொறிந்தார். டீச்சருக்குத் தெரியாத இலக்கணமா என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியோடு, மேனேஜர் மறுபடி ஓடவிட்டிருந்த லிஃப்டிலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தபோது, பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் அரை அடி கீழே நழுவியது. விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

அரசாங்க லிஃப்ட் ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். "மெக்கானிக்தான் பலகையை மாட்டினார், அவரே கழட்டிட்டுப் போயிட்டார். அவர் ரிப்போர்ட்டையே பாருங்க சார்" என்றார் மேனேஜர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ரிப்போர்ட்டைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதில் இருக்கும் ஒரே ஆள் கீழே கையெழுத்துப் போட்டவர். ஆபத்தான லிஃப்டை மறுபடி ஓடவிட்டார் என்று முடிவானால் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் போனால் எந்த லிஃப்டிலும் கை வைக்க முடியாது. மெக்கானிக்குக்கு ஐம்பத்தோரு வயது. வேறு தொழில் தெரியாது.

முதல் நாள் விசாரணை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

"மேனேஜர்தான் எடுத்தார்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். பேப்பர்ல ஏன் இல்லைன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவுதான் சார், எழுதத் தெரியாம எழுதிட்டேன்னு சொன்னேன்."

டீச்சருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த ஆங்கிலம் அவருடையது. இருபத்திரண்டு வருடப் பெருமை அது. பிழையில்லாத அந்த ஆங்கிலத்தைத் தன் பிழை என்று சொல்லி, பத்துப் பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். எல்லாம் டீச்சர் போட்ட ஒரு நிபந்தனைக்காக. வகுப்பில் எத்தனையோ பேரை அழவைத்தவர், அன்று அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

இரண்டாம் விசாரணைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார். "நீ எதுக்கு?" என்று மெக்கானிக் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஆய்வாளர் குரல் உயர்த்தாத மனிதர். மேனேஜரும் கம்பெனி ஆட்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அந்த ரிப்போர்ட் நான் என் கையால எழுதினது. அவர் எழுதினதுல மேனேஜர் இருந்தார். நான்தான் எடுத்துட்டேன். நான் இங்கிலீஷ் டீச்சர். அவருக்கு எழுதத் தெரியாதுன்னு அவர் சொன்னது பொய். எழுதத் தெரியாதது எனக்குத்தான்."

கம்பெனி அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். சூப்பர்வைசர் பதவி அந்த நிமிடமே கைவிட்டுப் போயிற்று என்பது டீச்சருக்குப் புரிந்தது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா. ஆனா புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்றதை வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. பலகையை எடுத்தப்ப வேற யாராவது பார்த்தாங்களா?"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஒரு வாரம் அவகாசம் தருவதாகச் சொல்லி ஆய்வாளர் எழுந்தார்.

பஸ் ஸ்டாப்பில் டீச்சர் விடவில்லை. "யாரோ இருந்திருக்காங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"விழுந்தாங்களே, அந்தம்மாதான். பக்கத்துல தரை துடைச்சிட்டிருந்தாங்க."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"காலை உடைச்சிட்டுப் படுத்திருக்காங்க. அவங்க வேலைக்கும் உலை வைக்கச் சொல்றியா?"

தன் பிழைப்பு போகிற நேரத்திலும் இன்னொருவர் பிழைப்பை நினைக்கிற இந்த மனிதருக்குத் தான் இலக்கணம் சொல்லிக்கொடுத்தோமே என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் விலாசம் விசாரித்துக்கொண்டு போனார். சாட்சி கேட்க அல்ல, மன்னிப்புக் கேட்க என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழுக்க உண்மை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஒற்றை அறை வீடு. கவிழ்த்த வாளி மேல் தலையணை போட்டு, அதன் மேல் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

"நான் மெக்கானிக்கோட சம்சாரம். அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான். மேனேஜர் பலகையைக் கழட்டினதை நான் எழுதாம விட்டுட்டேன். இருந்திருந்தா யாராவது படிச்சிட்டுக் கேட்டிருப்பாங்க, உங்க கால் தப்பிச்சிருக்கும்."

அந்த அம்மா பாயைக் காட்டினார். "உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை பழம் வாங்கிட்டு வந்தாரு. கால் எப்படி இருக்குன்னு கேட்டாரு. அதைத் தவிர ஒரு வார்த்தை கேக்கலை. நானே சொல்லலாம்னு வாயெடுத்தா, நீங்க உடம்பைப் பாருங்கம்மான்னு எழுந்துட்டாரு." காலைச் சற்று நகர்த்திக்கொண்டார். "பலகையைக் கழட்டி மேனேஜர் என் கையிலதான் குடுத்தாரு. பின்னால ரூம்ல போடுன்னாரு. போட்டேன். போட்டுட்டு நான்தான் அதே லிஃப்டுல தினமும் ஏறி இறங்கினேன். எல்லாரும் வந்தாங்க, கையெழுத்து வாங்கினாங்க. என்ன பார்த்தேன்னு ஒருத்தரும் கேக்கலை. பேப்பர் இருக்கா? எழுதுங்க."

இந்த இடத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களை இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. லைசென்ஸ் போகவில்லை. ரிப்போர்ட்டை வேறு ஆளை விட்டு எழுதவைத்ததற்காக மெக்கானிக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மேனேஜர் மேல் வழக்குப் பதிவானது. அந்த அம்மாவின் வேலையும் போகவில்லை. போயிருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. ஆனால் இதில் எதுவும் அந்த அறையில் அன்று யாருக்கும் தெரியாது.

டீச்சர் கைப்பையிலிருந்து தாள் எடுத்துத் தமிழிலேயே எழுதினார். எழுதி முடித்ததும், "படிங்க" என்றார் அந்த அம்மா.

"லிஃப்ட் வேலை செய்யவில்லை என்ற பலகை மேனேஜரால் கழற்றப்பட்டது. பிறகு அது பின்னறையில் வைக்கப்பட்டது."

"என்ன டீச்சர் இது. பலகை தானா எழுந்து நடந்து போன மாதிரி இருக்கு. அவர் கழட்டினாரு, நான் தூக்கிட்டுப் போனேன். என்னை எங்க காணோம்?"

"உங்களைப் போட்டா உங்களுக்குத்தான் வினை. அந்த வேலையை நீங்க ஏன் செஞ்சீங்கன்னு கேப்பாங்க. வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புவாங்க. அதான் விட்டேன்."

"கேக்கட்டும். அந்த மேனேஜரும் தன்னை விட்டுட்டுத்தானே கதை சொன்னாரு. நானும் என்னை விட்டுட்டுச் சொன்னா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என்னைப் போடுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக டீச்சரின் தாளை ஒருவர் திருத்தினார், அதுவும் எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒருவர். டீச்சர் அந்தத் தாளைக் கிழித்தார். புதுத் தாளில் முதலிலிருந்து ஆரம்பித்தார். மேனேஜர் கழற்றினார் என்று எழுதினார். நான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன் என்று எழுதினார். படித்துக் காட்டியதும் அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குக் கீழே டீச்சர் இன்னொரு வரி சேர்த்தார். அவர் சொல்ல எழுதியது நான் என்று எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.