ப்ரொடக்‌ஷன் நின்ற கோழி

நாமக்கல்லிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் ஒருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கோழிப் பண்ணையில் தீவனம் போடுகிறவர். சட்டையெல்லாம் தவிட்டு வாசனை. மடியில் ஒயர் கூடை, அதற்குள் ஒரு வெள்ளைக் கோழி. அதன் கொண்டையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தார்.

“முட்டைக்குங்களா?” என்று கேட்டேன்.

“ப்ரொடக்‌ஷன் நின்னுபோச்சுங்க. மத்ததெல்லாம் கறிக்கு லாரி ஏத்திட்டாங்க. இது என் கையக் கண்டா தலைய நீட்டும். மனசு வரல, கேட்டு வாங்கியாந்துட்டேன். கூண்டுலயே கெடந்ததுங்க, நடக்கத் தெரியாது.”

நான் ஆங்கிலம் நடத்துகிறவன். வாய் சும்மா இருக்கவில்லை. ப்ரொடக்‌ஷன் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது, முன்னே கூட்டிக்கொண்டு போவதுதான் அதன் பழைய அர்த்தம் என்றேன்.

“முட்டையப் பத்தி ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லைங்க.”

மல்லூரில் அவர் இறங்கியதும், என் ஜன்னலுக்கு நேரே சாலையோரப் புல்லில் கோழியை விட்டார். அது அசையாமல் நின்றது. குனிந்து, இரண்டு கைகளையும் அதன் பின்னால் குவித்து, மெல்ல முன்னே நகர்த்தினார்.

“நட சாமி. நம்ம ப்ரொடக்‌ஷன் இப்பத்தான் ஆரம்பிக்குது.”

பஸ் கிளம்பிவிட்டது. அது ஓரடியாவது எடுத்து வைத்ததா, தெரியவில்லை. வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.