தைக்கக் கூடாத கிழிசல்

திருக்கோணமலையில் புஷ்பவதி போகாத சாவீடு குறைவு. பிரேதம் வீட்டுக்கு வருமுன் அவள் வந்துவிடுவாள். "அழாதேங்கோ, போனவர் புண்ணியவான், எங்களால என்ன செய்ய ஏலும்" என்று தொடங்கினால், அழுகிறவர்களே எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து வாயை அடைக்கப் பார்ப்பார்கள். சொந்தப் புருசன் தர்மசீலன் செத்த அன்றும் வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னது அவள்தான். அப்படியொரு சேவை. அழ மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

உவர்மலையில் ஒரு விடுதியில் துணி துவைப்பது அவள் வேலை. கடலடியில் மீன் பார்க்க வந்த தலியா என்ற யூதப் பெண் சுழியோடியதில் காதுச் சவ்வு வெடித்து அங்கே கிடந்தாள். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாள் மெல்பேர்னில் அவளுடைய தாய் செத்துப்போனாள். யூதர்கள் பிரேதத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. பூமாலையுமில்லை, பட்டாசுமில்லை, வெறும் பலகைப் பெட்டியில் உடனே அடக்கம். தலியா அறைக் கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, ஏழு நாள் துக்கத்துக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புஷ்பவதியால் சும்மா இருக்க முடியுமா? பழத்தட்டோடு போனாள். பெண்ணின் சட்டை நெஞ்சுப் பக்கம் கிழிந்திருந்தது. துக்கத்தில் உடுப்பைக்கூடக் கவனிக்கவில்லையாக்கும் என்று இரங்கி, தலியா மேல் கழுவப் போன நேரம் சட்டையை எடுத்துத் தைத்து வைத்தாள். தைத்த இடமே தெரியவில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

சட்டையைக் கண்ட தலியா விம்மி விம்மி அழுதாள். விடுதி முகாமையாளர் ரிஷாத் ஓடிவந்து விசாரித்தார்.

"அக்கா, அது அவவே கிழிச்சது. தாய் தகப்பனுக்காகக் கிழிச்சதை ஒருநாளும் ஒழுங்காத் தைக்கக் கூடாதாம். இன்னொண்டு, துக்கத்தில இருக்கிற ஆள் வாய் திறக்குமட்டும் துக்கம் விசாரிக்க வந்த ஆள் கதைக்கவும் கூடாதாம்."

கதைக்கக் கூடாது என்பதற்குப் பதில் புஷ்பவதியைக் கடலில் தள்ளியிருக்கலாம்.

புஷ்பவதி தரையில் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அவ்வளவு நன்றாகத் தைத்ததற்குத் தண்டனையாக ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த ஒரு மணித்தியாலமும் அவள் வாய் மூடியிருந்ததை, கண்ணால் கண்ட ரிஷாத் சொல்லியும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

கடைசி நூலும் வந்தது. தலியா கிழிசலைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு ஆர் செத்தது எண்டு கேக்கிறா," என்றார் ரிஷாத்.

புஷ்பவதிக்கு வழக்கமான வரி ஒன்றும் வாயில் வரவில்லை. "என்ர அவர்," என்றாள். "நாலு வருசமாச்சு." அதற்குமேல் ஏலாமல் அழத் தொடங்கினாள்.

தலியா கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் கொடுத்தாள். அழாதேங்கோ என்று சொல்லவில்லை.