நகம் வெட்டும் ஊழியம்

ரஞ்சிதத்துக்குப் பாட வராது. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவும் வராது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஜான்பீட்டர், "இந்த வருசம் சபையில ஒவ்வொருத்தரும் ஒரு ஊழியம் எடுத்துக்கணும். யார் யார் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலை மேல், செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. வருகிறவர்கள் முப்பது பேருக்குள் அடங்குவார்கள். அதில் பாதிப் பேர் கீழேயிருந்து வேலை மாற்றலாகி வந்த ஆசிரியர்களும் ஆபீஸ் ஊழியர்களும். இரண்டு வருடம் கழித்து அடுத்த மாற்றல் வந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ரஞ்சிதமும் அப்படி ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள்தான். அரசு மருத்துவமனையில் வார்டு ஆயா வேலை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அவள் மட்டும் இறங்கிப் போகவில்லை. கணவர் இறந்து வெகு காலம் ஆயிற்று. திருப்பூரில் இருக்கும் மகள் கூப்பிடும்போதெல்லாம், "அங்க வெக்கை தாங்காது சாமி" என்று சொல்லிவிடுவாள்.

ஒருவர் பாடல் குழு என்றார். ஒருவர் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி என்றார். இரண்டு பேர் வீடு வீடாக வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அவள் முறை வந்தது.

"நானு நகம் வெட்டறேனுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கும் புரியவில்லை.

"யாருக்கும்மா?"

"படுக்கையில கெடக்கறவங்களுக்குங்க. சோறு ஊட்ட ஊட்டுல ஆளு இருக்கும். துணி மாத்திவிட இருக்கும். நகம் வெட்டிவிடணும்னு யாருக்கும் தோணாதுங்க. வார்டுல நெறையப் பாத்திருக்கறேன். சுருண்டு சதைக்குள்ளயே போயிருக்கும்."

பாஸ்டர் தன் நோட்டில், 'ரஞ்சிதம் – நகம்' என்று எழுதிக்கொண்டார்.

அப்படித்தான் அது தொடங்கியது. கால் நகத்துக்கென்று பெரிதாக ஒரு நகவெட்டி, கைக்குச் சிறியதாக ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பேசின், தேங்காய் எண்ணெய், இரண்டு பழைய துண்டுகள். இவ்வளவையும் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமைதோறும் கிளம்பிவிடுவாள். பஸ் போகிற வரை பஸ். அதற்கு மேல் நடை. முதலில் வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைப்பாள். பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக மடியில் வைத்துக்கொண்டு வெட்டுவாள். வேலை முடிந்ததும் சில வீடுகளில், "ஏதாச்சும் ஜெபம் சொல்லிப்போட்டுப் போங்க" என்று கேட்பார்கள். படுத்திருப்பவரின் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். வாயிலிருந்து வார்த்தை வராது. கேட்காத வீடுகளில் அதுவும் கிடையாது.

காளியண்ணன் வீட்டுக்கு அவள் முதல் தடவை போனது ஒரு வைகாசியில். மலையில் 'நாடு' என்று சொல்லும் ஊர்க் கூட்டங்களில் ஒன்றான குண்டூர் நாட்டில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு. மிளகு பறிக்க மரத்தில் ஏறியவர் ஏணி சரிந்து விழுந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வாசலைப் பார்த்தாற்போல் போட்ட கட்டிலில் படுத்திருந்தவர், அவள் கையிலிருந்த பையைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏனுங்க, ஆள் புடிக்க வந்தீங்களா?"

"நகம் வெட்ட வந்தனுங்க."

"வெட்டிப்போட்டு ஏசுவப் பத்திப் பேசுவீங்க."

"எனக்குப் பேச வராதுங்க தம்பி. வந்திருந்தா பாஸ்டரு பேசற வேலையையே குடுத்திருப்பாரு."

உள்ளே அவர் மனைவி பொன்னம்மாள் சிரிப்பது கேட்டது. காளியண்ணன் சிரிக்கவில்லை. "செவுத்துல எங்க கொலசாமி பெரியண்ணசாமி படம் இருக்குது, பாத்துக்குங்க" என்றார்.

"பாத்தனுங்க. வெந்நி கெடைக்குமுங்களா?"

அன்று அவர் காலைக் காட்டினார். ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் அப்படித்தான். மாதம் இரண்டு முறை அவள் போவாள். அவர் சுவரைப் பார்ப்பார். விழுந்த நாளிலிருந்து தன் காலை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று பொன்னம்மாள் சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க மேகம் இறங்கி வாசலிலேயே நின்றது. ஒரு சனிக்கிழமை ரஞ்சிதம் நாலு வீடுகளுக்குப் போனாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எல்லாம் பனிக்குள் தெரிவது போலிருந்தது. மழைக்காலம்தானே என்று விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து துண்டுகளை அலசும்போதுதான் ஒன்றின் ஓரத்தில் ரத்தக் கறையைப் பார்த்தாள்.

நாலு வீட்டில் யாருடையது? மற்ற மூன்று பேரும் நகவெட்டி சதையில் பட்டால் காலை இழுத்திருப்பார்கள், கத்தியிருப்பார்கள். வலி தெரியாதவர் காளியண்ணன் ஒருவர்தான்.

சின்னக் கீறலாக இருக்கும், தானே காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஆராதனையில் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கத்தில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. திங்கட்கிழமை மழை பலமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை பலமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் போகாததற்கு மழை காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பிவிட்டாள்.

குளிருக்காகக் காளியண்ணன் காலில் பொன்னம்மாள் சாக்ஸ் மாட்டிவிட்டிருந்தாள். ரஞ்சிதம் அதைக் கழற்றியதும் வாடை வந்தது. வலது பெருவிரல் வீங்கி, நகத்தின் ஓரம் சீழ் கோத்திருந்தது.

"ஐயோ, என்னக்கா இது?" என்றாள் பொன்னம்மாள். "எலி கடிச்சிருச்சோ என்னமோ? குளுருக்கு எலியா வருது ஊட்டுக்குள்ள."

'ஆமாம், எலியாகத்தான் இருக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எலி இல்ல பொன்னம்மா" என்றாள் ரஞ்சிதம். "நான் வெட்டுனது. கண்ணு சரியாத் தெரியல எனக்கு. சனிக்கெழமையே துண்டுல ரத்தத்தப் பாத்தேன். பாத்துப்போட்டு மூணு நாளு வராம இருந்துட்டேன்."

காளியண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"வேற எவனாச்சும் இருந்தா அப்பவே உங்களக் காலால ஒதச்சிருப்பான்" என்றார். குரல் உயரவில்லை. "நான் கட்டையாட்டம் கெடந்திருக்கறேன். நீங்க பாட்டுக்கு வெட்டியிருக்கறீங்க. இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காதீங்க."

"சரிங்க" என்றாள். "ஆனா இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயாகணுமுங்க. அதுக்கு மட்டும் இருந்துட்டுப் போறேன்."

கிராம சுகாதார செவிலியர் சங்கீதாவுக்குப் போன் செய்தாள். அவள் வந்ததும் ஒரு ஜீப்பைப் பிடித்துக் காளியண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் நகத்தை எடுத்துவிட்டு, புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து எழுதிக் கொடுத்தார். உணர்வில்லாத கால் என்பதால் ஆற நாளாகும், தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்றார்.

யார் மாற்றுவது? சங்கீதாவுக்குப் பத்து ஊர் பார்க்க வேண்டியிருந்தது. பொன்னம்மாள் சீழைப் பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது வருசம் கட்டுப் போடறதப் பக்கத்துல நின்னு பாத்தவங்க இவங்கதான்" என்றாள் சங்கீதா, ரஞ்சிதத்தைக் காட்டி.

"அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார் காளியண்ணன்.

ரஞ்சிதம் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியுமில்லீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் செய்யறேன்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் அவரைச் சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பொன்னம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டார்ச் லைட்டைப் பிடித்தாள். ரஞ்சிதம் கட்டைப் பிரித்தாள். விழுந்த பிறகு முதன்முறையாகக் காளியண்ணன் தன் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சதை வற்றி, மரவள்ளித் தண்டு போலிருந்தது. அவர் கண் அங்கேயே நின்றது. அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ம்" என்றார் கடைசியில். "வலது பக்கம் இன்னும் மஞ்சளா இருக்குது. அங்க தொடைங்க."

இந்த விஷயம் இரண்டு நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. பாஸ்டர் ஜான்பீட்டர் குடையைப் பிடித்துக்கொண்டு ரஞ்சிதத்தின் வீட்டுக்கு வந்தார்.

"வேணும்னே பண்ணிட்டாங்கன்னுகூடச் சிலர் பேசறாங்கம்மா. சபைக்குப் பிரச்சனை வந்துடும்னு பயமா இருக்கு. கொஞ்ச நாள் நிறுத்திக்கலாமே."

"நகம் வெட்டறத நிறுத்திக்கறேனுங்க. கட்டுப் போடறத நிறுத்த முடியாதுங்களே, பாஸ்டர்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து குடையின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வயது. ராசிபுரத்திலிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர். தவறு செய்துவிடக் கூடாதே என்ற கவலை எப்போதும் முகத்தில் இருக்கும். "தினமும் எப்படிப் போறீங்க?" என்று கேட்டார்.

"பஸ்சுலதானுங்க. பஸ் வராட்டி நடந்து."

அடுத்த நாள் காலை அவர் பைக்கோடு வந்து நின்றார். அன்றிலிருந்து தினமும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்குள் மட்டும் வரமாட்டார். ஆள் பிடிக்க வந்ததாக நினைத்துவிடுவார்களோ என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பலா மரத்தடியிலேயே நிற்பார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, காளியண்ணன் வாசலைப் பார்த்துவிட்டு, "அந்த ஐயன உள்ள வரச் சொல்லு பொன்னம்மா. காச்சல் வந்து படுத்துக்கிட்டா அவருக்கும் நாம கட்டுப் போடணும்" என்றார். பாஸ்டர் உள்ளே வந்து மிளகு தட்டிப் போட்ட டீயைக் குடித்தார். மிளகு விளைச்சலைப் பற்றியும், இந்த வருடம் மழை நிற்காததைப் பற்றியும் பேசினார்கள். வேறெதையும் பேசவில்லை.

புண் ஆறத் தொடங்கியபோது ஒரு நாள் காளியண்ணன் கேட்டார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

ரஞ்சிதம் கட்டின் முடிச்சைப் போட்டு முடித்தாள். "மூணு நாளு சொல்லாம இருந்து பாத்தனுங்க. சோறு எறங்கல."

அவர் தலையாட்டினார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மார்கழி பாதியில் புண் மூடியது. விரலில் நகம் மறுபடி ஒழுங்காக வளரவில்லை. ஓரமாகச் சின்னதாக ஒரு துண்டு மட்டும் முளைத்தது. ஆனால் காளியண்ணன் சாய்ந்து உட்காரும் பழக்கத்தை விடவில்லை. காலையில் எழுந்ததும் கால் இரண்டையும் தானே கையால் தூக்கிப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

தை மாதம் ரஞ்சிதம் நாமக்கல்லுக்கு இறங்கிப் போய்க் கண்ணில் புரை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது எதிர்ச் சரிவில் நிற்கும் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனாலும் நகவெட்டியை அவள் கையில் எடுக்கவில்லை. கண் வந்துவிட்டது, கை வரவில்லை. சபையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரமே போய் அறையைக் கூட்டிப் பாய் விரிப்பாள். அது போதும் என்றிருந்தாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பொன்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒருவர் பாட்டுப் புத்தகத்தை விரித்து அவள் கையில் வைத்தார். பாஸ்டரின் குரல் ஒரு சுருதி ஏறியது. பொன்னம்மாள் மரியாதையாகக் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்தபோது எழுந்தாள். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக ரஞ்சிதத்திடம் வந்தாள்.

"அக்கா, எடப்புளி நாட்டுல எங்கண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. மூணு மாசமாப் படுக்கை. வாயும் வரல. நகமெல்லாம் வளந்து கெடக்குது. எங்க ஊட்டுக்காரருதான் உங்களக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னாரு."

பக்கத்தில் வந்து நின்ற பாஸ்டரின் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நானு இப்ப வெட்டறதில்ல பொன்னம்மா. உனக்குத் தெரியாதா? எனக்குப் பயமா இருக்குது."

"அதையும் அவருகிட்டச் சொன்னேன்க்கா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு. 'பயந்து வெட்டட்டும், அதனாலதான் அவங்களக் கூப்புடச் சொல்றேன்'னாரு."

ரஞ்சிதம் விரித்திருந்த பாய்களைச் சுருட்டினாள். எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்த பிறகு, "வெந்நிக்கு அங்க அடுப்பு இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

பொன்னம்மாள் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே ரஞ்சிதமும் பொன்னம்மாளும் பஸ் பிடித்துப் போனார்கள். பொன்னம்மாளின் அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள் ரஞ்சிதம். அவர் கையை வெந்நீரில் ஊற வைத்தாள். ஒவ்வொரு விரலையும் தன் விரலால் சுற்றித் தடவி, சதை எங்கே முடிகிறது, நகம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டாள். ஒரு வெட்டு வெட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். "வலிக்குதுங்களா?" என்று கேட்பாள். அவரால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பாள். அவர் கண்ணை மூடித் திறந்ததும் அடுத்த வெட்டு. இரண்டு கைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கூடி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

காலுக்கு வந்தபோது மேற்கே மலை சூரியனை மறைத்துக்கொண்டது. ரஞ்சிதம் நகவெட்டியைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"கால நாளைக்கு வந்து, நல்ல வெளிச்சத்துல வெட்டறேனுங்க" என்று அவர் காதருகில் குனிந்து சொல்லிவிட்டு எழுந்தாள்.