அவிழ்க்கக் கூடாத இடுப்புக் கட்டு

ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவள் என்று எனக்குத் தெருவில் நல்ல பெயர் உண்டு. போகட்டும். இதில் ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. நம்பாதவர்கள் எலும்பு டாக்டரிடம் கேளுங்கள்; அந்த எக்ஸ்ரேயை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

எதிர்வீட்டு டெய்லரக்காவை வேன் இடித்துவிட்டது என்று அவள் புருஷன் கத்தியபோது பகல் மணி இரண்டு பத்து. எந்நேரமும் இளித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பல்லழகன் என்று பெயர் வைத்ததே நான்தான். அன்றும் பல் தெரிந்தது. ஆம்புலன்ஸில் துணைக்கு ஏறினேன். துணைக்கு என்பது பாதிதான். நடந்தது என்னவென்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எமர்ஜென்சியில் எலும்பு டாக்டரம்மா ஒரு படுக்கை விரிப்பை நீளமாக மடித்து, அக்காவின் தொடை மூட்டுகளுக்கு நேராகச் சுற்றினார். அவரும் ஒரு நர்சும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டார்கள். அக்கா அலறிய அலறல் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு மயங்கிவிட்டாள்.

“இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டுது. ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போற வரைக்கும் இந்தக் கட்டுதான் உசுரு. கெஞ்சினாலும் அவிழ்க்காதீங்க,” என்றார் டாக்டரம்மா.

எக்ஸ்ரே வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுப் பல்லழகனைப் பார்த்தார்.

“வேன்னா சொன்னீங்க?”

“ஆமாங்க.”

“முன்னாலேருந்து நசுங்கினா இடுப்பு புத்தகம் மாதிரி விரியும். பக்கத்துல இடிச்சா உள்ள மடங்கும். இங்க இடது பாதி அப்படியே மேல ஏறியிருக்கு. உயரத்துலேருந்து விழுந்தாத்தான் இப்படி ஆகும். சரி, முழிச்சா அவங்களே சொல்லட்டும்.”

பல் மறைந்தது.

டாக்டரம்மா ரத்தத்துக்கு ஏற்பாடு செய்ய ஓடினார். மணி மூன்று ஐந்து. திரைக்குள் நாங்கள் மூன்று பேர். மானிட்டர் டிக்... டிக்... என்றது.

“நீங்க போய் ஒரு டீ குடிங்களேன்,” என்றான்.

ஆறு வருஷத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவன்! போனேன், திரைக்கு அந்தப் பக்கம் வரைக்கும். இடுக்கில் கண்ணை வைத்தேன். பழக்கதோஷம்.

அவன் முடிச்சை அவிழ்த்தான்.

பிரஷர் தொண்ணூறிலிருந்து அறுபதுக்கு விழுந்தது. அக்காவின் உதடு வெளுத்தது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள்...

சர்ர்ர்ர்...

துணி தானாக இழுபட்டது. இரண்டு பக்கமும். முறுக்கிக்கொண்டது. முடிச்சு விழுந்தது.

அவன் பிய்த்தான். மறுபடி விழுந்தது. இன்னும் இறுக்கமாக.

தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான்.

அப்போது அவன் சட்டை... இடுப்பருகே... உள்ளே அமுங்கியது.

பக்கத்தில் யாரும் இல்லை.

“விடு... விடுடி...”

யாரை?

மடக்.

இன்னொரு மடக்.

கால்கள் இரண்டும் உள்பக்கமாகத் திரும்பின. பல் தரையில் மோத விழுந்தான். வாயெல்லாம் ரத்தம்.

மூன்று பதினொன்று.

பிரஷர்... தொண்ணூறு.

அக்கா பிழைத்தாள். முதலில் வெளியே இரும்புச் சட்டம், பிறகு உள்ளே ஸ்க்ரூ, மூன்று மாதம் படுக்கை. மொட்டைமாடியிலிருந்து அவன் தள்ளியதைப் போலீசிடம் அவளே சொன்னாள். அவனுக்கு இடுப்பு இரு பக்கமும் உள்ளே மடங்கி, எலும்பு மூத்திரப்பையைக் கிழித்திருந்தது. மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவர் மேல என்ன விழுந்துச்சு?”

“ஒண்ணும் விழல டாக்டர்.”

எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அடுத்த வாரம் அவன் சாமான்களை எடுக்க அவன் தங்கை வந்தாள். நான் விடுவேனா?

“அண்ணனுக்கு இது ரெண்டாவது கல்யாணம்க்கா. மொத அண்ணி இதே ஆஸ்பத்திரியில நர்சு. எலும்பு வார்டு.”

“அவங்க என்ன ஆனாங்க?”

“படியிலேருந்து விழுந்து இறந்துட்டாங்க. இடுப்புதான். எப்படிக் கட்டணும்னு படுத்துக்கிட்டே அவங்களே சொல்லிக் கொடுத்தாங்களாம். அப்புறம் வலி தாங்கலன்னு துடிச்சாங்களாம்...”

“அப்புறம்?”

“அண்ணன்தான் மனசு கேக்காம அவிழ்த்துவிட்டாராம். எங்ககிட்ட அழுதுக்கிட்டே சொன்னார்.”