இடது இறக்கையில் இரண்டு வெள்ளை

இன்றைக்கும் எங்காவது ஒரு கறுப்புச் சேவலைக் கண்டால் அதன் இடது இறக்கையைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை பரபரக்கும். மற்றவர்கள் சேவலின் கொண்டையைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், குழம்புக்கு ஆகுமா என்று பார்ப்பார்கள். எனக்கு மட்டும் இந்தக் கிறுக்கு. பேரன் பேத்தி எடுத்த வயதில் ஒரு கோழியைப் பார்த்து நெஞ்சு திக்கென்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் தம்பியால் வந்தது. அவனுக்கு இரண்டு வயது நடந்தபோது காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது. அப்பா பினாங்கில் ஒரு கடையில் இருந்தார், மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். எங்கள் ஊர் மானகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. காரைக்குடி டாக்டரிடம் போக வண்டி கட்டச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் இருந்த கருப்பர் கோயிலுக்கு ஓடினாள். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். அதனால் அங்கே அவள் வாய்விட்டுக் கத்திய வார்த்தைகள் எனக்கு ஒன்று விடாமல் தெரியும்.

"கருப்பா, எம்புள்ளைய எங்கிட்டயே குடுத்துரு. அவன் பள்ளிக்கொடம் போறதுக்குள்ள, என் வீட்டுல பொறந்து என் வீட்டுல வளந்த சேவலா, முழுக்கருப்பா, மாத்து இறகு ஒண்ணு இல்லாமக் கொண்டாந்து ஒன் முன்னால நிறுத்துறேன்."

தம்பி பிழைத்துக்கொண்டான். பிழைத்தது டாக்டரின் ஊசியாலா, கருப்பராலா என்ற விசாரணையே எங்கள் வீட்டில் எழவில்லை. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் அம்மான். அந்தக் கோயிலுக்குச் சாமியாடி அவர்தான், கோழி விஷயத்தில் அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் யோசனை கேட்டு வருவதும் அவரிடம்தான்.

"சந்தையில வாங்கியாந்து குடுக்குறேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுலயே பொறக்கணும்னு ஒன்னய யாரு ஆத்தா வேண்டச் சொன்னது?" என்றார்.

"வாயில வந்துருச்சுண்ணே. இப்ப என்ன செய்யச் சொல்றீக? மாத்து இறகோட கொண்டு போனா அவரு புள்ளைய எடுத்துக்குவாருண்ணே" என்றாள் அம்மா.

அப்போது எனக்கு ஆறு வயது. அந்தக் கடைசி வார்த்தை என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கோழிகளோ செவலையும் சாம்பலும் புள்ளியுமாக, கலர் பென்சில் பெட்டியைக் கொட்டியது மாதிரி இருக்கும். அம்மான் எல்லாவற்றையும் விற்கச் சொல்லிவிட்டு, சாக்கோட்டையிலிருந்து ஒரு கறுப்புச் சேவலும் இரண்டு கறுப்புப் பெட்டைகளும் கொண்டுவந்தார். பெட்டை முழுக்கறுப்பாக வருவது சுலபம், சேவல்தான் காலை வாரிவிடும் என்று எச்சரித்தார். குஞ்சில் அட்டைக்கரியாக இருக்கும். ஐந்தாறு மாதத்தில் கழுத்தில் பொன்னிறம் பூத்துவிடும். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. முதல் வருடம் வளர்ந்த இரண்டு சேவல்களும் கழுத்தில் ஆளுக்கொரு பொன் மாலை போட்டுக்கொண்டு நின்றன. அம்மா அவற்றைப் பார்த்து அழுதாள்.

அடுத்து, பிறந்ததில் நல்ல கறுப்பான பெட்டையை அதன் அப்பனோடேயே சேர்த்துவிடச் சொன்னார் அம்மான். அப்படித்தான் நிறம் இறுகுமாம். தெருப் பெண்களுக்கு இது போதாதா? "என்னத்தா, ஒங்க வீட்டுல மகளுக்கு மாப்பிள்ளை முடிவாயிருச்சாம்ல?" என்று குடத்தோடு போகும்போதெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தம்பிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் கோழிக் குடும்பத்துக்குக் காவல் நான். பக்கத்து ராவுத்தர் வீட்டில் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. தெருவே தனக்குப் பட்டா ஆனது மாதிரி நடக்கும். அது எங்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிடாமல், பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் நான் ஒரு வேப்பங்கம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் சிநேகிதிகள் கூப்பிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம்தானே என்று சொட்டாங்கல் ஆடப் போனேன். நாலாம் கல்லைத் தூக்கிப் போடும்போது இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெள்ளைச் சேவல் எங்கள் கறுப்புப் பெட்டையின் முதுகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் அது வேலியைத் தாண்டித் தன் வீட்டுக் குப்பைமேட்டில் நின்று கூவியது. அம்மா வயலில் இருந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான்.

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அந்தப் பெட்டையின் முட்டைகளை ஒரு மாதத்துக்குச் சமைத்துவிட்டிருப்பாள், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. அந்த முட்டைகளைத்தான் அடுத்த வாரம் அவள் அடைக்கு வைத்தாள்.

பொரித்த ஏழில் ஒன்று அப்படியொரு கறுப்பாக வளர்ந்தது. கால் கறுப்பு, அலகு கறுப்பு. ஆறு மாதம் ஆகியும் கழுத்தில் பொன் பூக்கவில்லை. அம்மான் அதை வெயிலில் பிடித்து, கழுத்தையும் முதுகையும் வாலையும் இறகு இறகாக நீவிப் பார்த்தார். "பச்சையடிக்குது பாரு ஆத்தா. இது கருப்பருக்குன்னே பொறந்தது" என்றார். அம்மா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் வெள்ளைச் சேவலை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தூக்கி அதைப் பிடித்து நானே சோதித்தேன். வலது இறக்கையின் அடியில் ஒன்றுமில்லை. இடது இறக்கையைத் தூக்கினேன். கக்கத்தில், ஒளித்து வைத்த மாதிரி, இரண்டு சின்ன வெள்ளை இறகுகள்.

உள்ளே தம்பி ஏதோ பாடிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் பிடுங்கினேன். சேவல் ஊரைக் கூட்டியது. "என்னடி அங்குட்டுச் சத்தம்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "பருந்தும்மா" என்றேன். இறகுகளை மண்ணில் குழி பறித்துப் புதைத்தேன்.

இரண்டு வாரத்தில் அதே இடத்தில் இரண்டு வெள்ளை முளை விட்டன. மறுபடி பிடுங்கினேன், இந்தத் தடவை ரத்தம் வந்தது. மறுபடி முளைத்தன. வேரோடு பிடுங்கிக் காயம் பட்ட இடத்தில் வெள்ளையாகவே முளைப்பதுண்டு என்று வெகு காலம் கழித்துக் கோழி வளர்க்கும் ஒருவர் சொன்னார். அப்போது எனக்கு யார் சொல்வது? கருப்பர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், பிடுங்கப் பிடுங்க வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். போதாததற்குத் தம்பிக்கு இருமல் வந்தது. அவன் இருமும்போதெல்லாம் நான் எழுந்து போய் அவன் கண்களைப் பார்ப்பேன், மேலே செருகுகிறதா என்று.

தம்பியை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று கருப்பரிடம் வேண்டிப் பார்த்தேன். பாதி வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. எனக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது. என் கண்ணாடி வளையல் அத்தனையும் தருகிறேன் என்று மாற்றிச் சொன்னேன். சாமிக்கு வளையல் எதற்கு என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை என்று அம்மான் நாள் குறித்தார். ஆனியில் தம்பி பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம்கூட வெள்ளை இருந்தது. பிடுங்கினால் காயம் காட்டிக்கொடுக்கும் என்று விட்டுவிட்டேன். வெள்ளி காலையில் இரை வைக்கிற சாக்கில் போய் இடது இறக்கையைத் தூக்கினேன்.

வெள்ளையைக் காணோம். கக்கம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது.

அம்மாவிடம் ஓடிச் சொல்ல வேண்டும். ஆனால் எதைச் சொல்வது? முதலில் வெள்ளை இருந்ததைச் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு, வளையல்களைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டேன்.

கருப்பர் கோயிலுக்குக் கூரை கிடையாது. ஆலமரத்தடியில் ஆளுயர மண் குதிரைகள், தரையில் குத்தி நிறுத்திய அரிவாள்கள், எண்ணெய் ஏறிய கல். பகல் வெளிச்சத்திலும் அங்கே போனால் பெரியவர்களே மெதுவாகத்தான் பேசுவார்கள். சேவலைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தித் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமி ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். உதறாமல் நின்றால் குறை இருக்கிறது என்று அர்த்தம்.

உறுமி முழங்க அம்மானுக்கு அருள் வந்தது. சலங்கை குலுங்க, கண் சிவந்து, கையில் அரிவாளோடு ஆடினார். பூசாரி சேவல்மேல் தண்ணீர் தெளித்தார். சேவல் கல் மாதிரி நின்றது. இரண்டாம் தரம் தெளித்தார். கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது, அசையவில்லை. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்த பிடியில் அவன் வலித்து அழுதான். வெள்ளை போய்விட்டாலும் வெள்ளைச் சேவலுக்குப் பிறந்தது பிறந்ததுதானே, கருப்பருக்குத் தெரியாமலா போகும் என்று எனக்கு ஒண்ணுக்கு முட்டியது.

அம்மான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சேவலை வாரி எடுத்தார். வலது இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். இடது இறக்கையைத் தூக்கினார். அவர் விரல்கள் கக்கத்துக்குள் போய் ஒரு கணம் நின்றன. கையை வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அது சாமி பார்க்கிற பார்வையாக இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, 'சாப்பிட்டியா ஆத்தா?' என்று கேட்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

திருநீற்றுத் தட்டில் கையை முழுசாகப் புதைத்துத் தேய்த்தார். ஒரு பிடி அள்ளித் தம்பியின் நெற்றி நிறையப் பூசினார். பிறகு பூசாரியின் செம்பைப் பிடுங்கி, இருந்த தண்ணீரை எல்லாம் சேவலின் தலையில் கவிழ்த்தார். கொண்டையிலிருந்து வால் வரைக்கும் அது ஒரு உதறு உதறியது.

"ஏத்துக்கிட்டேன் ஆத்தா! ஒம்புள்ள எம்புள்ள!"

பெண்கள் குலவை போட்டார்கள். சேவல் உதறிய தண்ணீர் என் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. என் வெள்ளைச் சட்டையில் விழுந்த ஒரு சொட்டு மட்டும் கறுப்பாக இருந்தது. கருப்பர் என் தப்பை மன்னித்து எனக்கு மட்டும் போட்ட பொட்டு என்று புரிந்துகொண்டேன். வளையல் முடிச்சை ஒரு மண் குதிரையின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சட்டையைப் பார்த்தாள். "கழத்துடி அதை" என்றாள்.

"வேணாம்மா. அது சாமி போட்ட பொட்டு."

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. "யாருகிட்டயும் காட்டுனியா?"

"இல்லம்மா."

கிணற்றடியில் உட்கார்ந்து சவுக்காரம் போட்டு அதைக் கசக்கினாள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது, லேசில் போகவில்லை. அவள் விரல் நுனிகளும் நகக்கண்களும் கறுத்திருந்தன. சட்டைக் கறை ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். நூல் பிரிகிற வரைக்கும் கசக்கினாள். அன்று சேவல் கறியை எல்லோருக்கும் பரிமாறினாள். தான் ஒரு துண்டும் தொடவில்லை.

பல வருடம் கழித்து, என் மகளுக்கு மை கூட்டுவதற்காக விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து எண்ணெயில் குழைத்தேன். குழைத்த விரல் நுனியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கறுப்பை நான் முன்னமே அம்மாவின் விரல்களில் பார்த்திருக்கிறேன். உலகத்தில் கருப்பருக்கு மட்டுமே பயந்தவள், பிள்ளைக்காக அவரையே ஏமாற்றியிருக்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாமல், என்னைப் போலவே தனியாகப் பயந்திருக்கிறாள்.

ஆனால் அன்று எனக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. அடுத்த வாரம் தம்பி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான், திரும்பி வந்து வாசலில் ஓடி ஆடினான். அம்மா மறுபடியும் கறுப்புப் பெட்டையின் முட்டைகளைப் பொறுக்கி எடுத்து அடைக்கு வைத்தாள். வேப்பங்கம்பை என்னிடம் நீட்டினாள்.

"நேந்துக்கிட்டதுதான் முடிஞ்சிருச்சேம்மா. இன்னும் எதுக்குக் கறுப்பு?"

"கேக்காத. வெள்ளைச் சேவலு இங்குட்டு வந்துறாமப் பாத்துக்க."

பேசும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் ஓடிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பரே வாய் திறந்து ஏற்றுக்கொண்ட பிறகு இந்த அம்மாவுக்கு இன்னும் என்ன பயம் என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பை வாங்கினேன்.